யார் பெற்ற பிள்ளையோ: தாராவி வில்லுப்பாட்டுக் குழு ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

2006 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை மாலை 6.24 மணிக்கும் 6.35 மணிக்கும் இடைப்பட்ட பதினொரு நிமிடங்களில், மும்பையின் சர்ச்கேட் நிலையத்திலிருந்து வடக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த மேற்கு ரயில்வேயின் ஏழு புறநகர் மின்ரயில்களில் குண்டுகள் வெடித்தன. குண்டுகள் முதல் வகுப்புப் பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்தன. அலுவலகம் முடிந்து வீடு திரும்பும் நேரமாதலால் பெட்டிகள் நிரம்பி வழிந்தன. மாட்டுங்கா ரோட்டிலிருந்து மீரா ரோடு, பாயந்தர் வரையிலான தடத்தில் 180-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 800-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். மறுநாள் காலை வண்டிகள் ஓடின. மும்பையின் மனவுறுதி என்று நாளேடுகள் அதைப் பாராட்டி எழுதின.

அந்த வண்டிகளில் பயணம் செய்தவர்களைப் பற்றியதன்று இந்த ஆய்வு. தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகளிலும் சால் எனப்படும் வரிசைக் குடியிருப்புகளிலும் வாழ்ந்து, ஆம்புலன்சுகள் வந்து சேர்வதற்கு முன்பே வீட்டிலிருந்த போர்வைகளை எடுத்துக்கொண்டு ஓடி, காயம்பட்டவர்களை அவற்றில் கிடத்தி நான்கு மூலையையும் பிடித்துச் சுமந்து வந்தவர்களைப் பற்றியது. மாஹிம் நிலையத்தின் கிழக்குப் புறம் இறங்கினால் தாராவி. அங்கே வாழும் தமிழர்கள் சிலர், பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகள், தாங்கள் அன்று கண்டதையும் செய்ததையும் எவ்வாறு ஒரு பாட்டாக்கினார்கள், அந்தப் பாட்டு அவர்களை என்ன செய்தது, எங்கே அதனால் இயலவில்லை என்பதை, அப்பகுதியில் உளநலச் சமூகப் பணியாளராக அவர்களுடன் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை விட்டிருக்கிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பட்டியலுக்கு வெளியே இருந்தவர்கள்

ஒரு பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின் அரசு தயாரிக்கும் பட்டியல்கள் இரண்டு: இறந்தோர், காயமடைந்தோர். இழப்பீடு, சிகிச்சை, வேலைவாய்ப்பு எல்லாம் அந்தப் பட்டியல்களின் வழியே வருகின்றன. சுமந்து வந்தவர்களுக்குப் பட்டியல் இல்லை. அவர்களுக்கு உடம்பில் காயமில்லை. இறந்தவர் எவரும் அவர்களுக்கு உறவுமில்லை. எனவே துக்கம் காக்கும் உரிமையும் தங்களுக்கு இல்லை என்றே அவர்களில் பலர் எண்ணினார்கள்.

நான் முதலில் சந்தித்தது, இட்லி வியாபாரம் செய்யும் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியை. சுற்றியிருந்த எல்லோருக்கும் அவர் ‘அத்தை’. இங்கும் அவரை அப்படியே குறிப்பிடுகிறேன். விடியற்காலை மூன்று மணிக்கு மாவு கரைத்து, ஆறு மணிக்குப் பாத்திரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்குபவர், ஜூலைக்குப் பிறகு இரண்டு மாதமாக வியாபாரத்துக்குப் போகவில்லை. காரணம் கேட்டபோது, கை நாற்றம் போகவில்லை என்றார். அன்று மாலை ஒருவரின் கையைப் பிடித்தபடி தண்டவாளத்திலிருந்து சாலைவரை வந்திருக்கிறார். டெம்போவில் ஏற்றும்வரை அந்த மனிதர் கையை விடவில்லை. அவர் பிழைத்தாரா, எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், எந்த ஊர்க்காரர், என்ன மொழி பேசுபவர் என்று எதுவும் அத்தைக்குத் தெரியாது. அவர் நினைவாக எஞ்சியது, டெம்போவோடு போய்விட்ட சிவப்புக் கட்டம் போட்ட ஒரு போர்வை மட்டுமே. அது மகளின் கல்யாணத்துக்கு வந்த போர்வை.

இன்னொருவர், நெல்லைச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்துத் தையல்காரர். நான்கு தையல் இயந்திரங்கள் கொண்ட சிறிய பட்டறை அவருடையது. தைத்து அடுக்கியிருந்த பெட்ஷீட்டுகளை, ஒரு வியாபாரிக்கு மறுநாள் கொடுக்க வேண்டிய சரக்கை, கட்டோடு தூக்கிக்கொண்டு ஓடியவர். சில வாரங்கள் கழித்து, அந்நாட்களில் நகரெங்கும் பலர் அழைக்கப்பட்டதைப் போல, அவரும் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். இரவு முழுதும் உட்கார வைத்துக் காலையில் அனுப்பிவிட்டார்கள். அதன்பின் அவர் பட்டறையின் ஷட்டரைப் பாதிக்குமேல் திறப்பதில்லை. தெருவில் யாரும் அவரைத் தவறாக ஒரு சொல் சொல்லவில்லை என்பது உண்மை. அவரிடம் போய் யாரும் எதுவும் கேட்கவுமில்லை என்பதும் உண்மை.

மூன்றாமவர், கூரியர் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த இருபத்திரண்டு வயது இளைஞர். பெட்டிக்குள் ஏறி இறக்கியவர்களில் ஒருவர். அவருக்குத் தூக்கம் போயிற்று. லோக்கல் வண்டியில் ஏற முடியாமல் போனதால் வேலையும் போயிற்று.

இவர்களுக்கு உதவ வந்தவர்கள் இல்லாமல் இல்லை. வந்தவர்கள், நடந்ததை முழுவதும் சொல்லுங்கள், சொன்னால் பாரம் இறங்கும் என்றார்கள். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த அறிவுரை ஆபத்தானது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேரதிர்ச்சிக்கு உள்ளானவரை ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைக்கும் முறை பின்னாளைய மனநோயைத் தடுப்பதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யக்கூடும் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின், 2002-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஏற்கெனவே கூறியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் எவரையும் கட்டாயப்படுத்திப் பேச வைக்கக் கூடாது என்றே சொல்கிறது. அத்தையிடம் ஒரு முறை அப்படிக் கேட்டு, அவர் சொல்லி முடித்த இரவில் காய்ச்சல் கண்டு படுத்ததை நான் அறிவேன்.

வில் வந்த வழி

அந்தத் தெருவில் ஆண்டுதோறும் நடக்கும் அம்மன் கொடை என்ற கோவில் விழாவுக்கு, வசதி இருந்தால் ஊரிலிருந்தே வில்லுப்பாட்டுக் குழுவை வரவழைப்பார்கள். இல்லாவிட்டால் தெருவிலேயே இருந்த முதியவர் ஒருவர், இளமையில் திருச்செந்தூர்ப் பக்கம் குழுவோடு சுற்றியவர், இருக்கிறவர்களை வைத்துப் பாடிவிடுவார். எல்லோரும் அவரை ‘அண்ணாவி’ என்பார்கள். ‘இந்த வருசம் கொடைக்கு அந்தக் கதையப் பாடுனா என்ன?’ என்று கேட்டது அவர்தான். நானோ, வேறு எந்த உளநலப் பணியாளரோ அல்ல. இதைக் குறிப்பிடுவது முக்கியம். வெளியிலிருந்து ஒரு ‘கலை சிகிச்சை’யைக் கொண்டுபோய் வைத்திருந்தால், அத்தை ஒரு நாள் மரியாதைக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருப்பார்.

வில்லுப்பாட்டில் பாடப்படும் கதைகளில் பெரும்பகுதி அநியாயமாகக் கொலையுண்டவர்களின் கதைகள். நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொண்டால், பிராமணனாகப் பிறந்து அருந்ததியர் குலப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்தவன், மாடு கவர வந்தவர்களோடு போராடி வஞ்சகமாகக் கொல்லப்படுகிறான். அகாலத்தில் இறந்தவரின் கதையை முழுமையாக, பிறப்பு முதல் இறப்பு வரை, ஊரார் கூடியிருக்கப் பாடி முடித்தால்தான் அந்த உயிர் அமரும் என்பது தென்மாவட்டங்களின் நம்பிக்கை. நம்பிக்கையை நான் ஆராய வரவில்லை. ஆனால் வன்கொலையை ஒரு சமூகம் என்ன செய்வது என்ற கேள்விக்கு, பாடுவது என்ற பதிலை நூற்றாண்டுகளாகக் கையில் வைத்திருந்தவர்கள் இவர்கள். மனச்சோர்வு, பதற்றம் என்று நான் பயன்படுத்திய சொற்களைவிட, ‘அமரலை’ என்ற அண்ணாவியின் ஒரு சொல் அத்தைக்கு உடனே புரிந்தது.

சிக்கல் வேறிடத்தில் எழுந்தது. கொடையில் பாடப்படுபவருக்குப் பெயர், ஊர், குலம், தாய் தகப்பன் எல்லாம் உண்டு. ஒப்பாரியும் அப்படியே, உறவு சொல்லி அழைத்துத்தான் ஒப்பாரி வைக்க முடியும். மகனே என்றோ, ராசாவே என்றோ, பிறந்தவனே என்றோ அழைக்க ஓர் உறவு வேண்டும். பெயர் தெரியாத, சாதி மதம் தெரியாத, உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாத ஒருவரை எப்படி அழைப்பது? உயிரோடு இருப்பவருக்கு ஒப்பாரி வைத்தால் பாவம் என்று அத்தை அஞ்சினார். வாரக்கணக்கில் இந்த இடத்திலேயே நின்றது வேலை. அவசரப்படுத்த வேண்டாம் என்று அண்ணாவி சொன்னார். ஒரு மாலை, அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தை, யாரையும் பார்க்காமல், தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் இடைப்பட்ட ஒரு மெட்டில் முணுமுணுத்தார்:

ஆரு பெத்த பிள்ளையோ – என்
அரைச்சேலத் தொட்டிலுல
ஊரு பேரு கேக்கலியே – உன்
உள்ளங்கைய விடலியே

இறந்தவருக்கும் பாடலாம், இருப்பவருக்கும் பாடலாம் என்ற ஓர் இடத்தை அத்தை தன் போக்கில் கண்டுபிடித்திருந்தார். பாட்டு முழுவதும் பின்னர் அந்த நான்கு வரிகளைச் சுற்றியே கட்டப்பட்டது.

வலமும் இடமும்

வில்லுப்பாட்டுக் குழு இரண்டாகப் பிரிந்து அமரும். பெரிய வில்லின் நடுவே, மணிகள் தொங்கும் நாணை வீசுகோலால் தட்டிப் பாடும் தலைமைப் பாடகரும் அவரோடு சேர்ந்தவர்களும் வலம். குடம் அடிப்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இடம். வலத்தே பாடும் வரியை இடத்தே வாங்கிப் பாடுவார்கள். இடையே வசனமாகக் கதை செல்லும்போது ‘ஆமா’ போடுவதும் இடத்துக்காரர்களின் வேலை. இந்த அமைப்பு இக்குழுவுக்குச் செய்த நன்மையை நான் எந்தச் சிகிச்சை அறையிலும் கண்டதில்லை.

ஒத்திகையில் ஒவ்வொருவரும் தம் போர்வையைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும் என்பதே அண்ணாவி வைத்த ஒரே விதி. வெடிப்பைப் பற்றி வேண்டாம், இரத்தத்தைப் பற்றி வேண்டாம். வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிய போர்வை எங்கே கிடந்தது, என்ன நிறம், யார் வாங்கியது, அதைச் சொன்னால் போதும். அத்தையின் முறை வந்தது. ‘சிவப்புக்கட்டம் போட்டதொரு போர்வை, அது செல்ல மக சீரு வந்த போர்வை’ என்று தொடங்கியவர், ‘சீரு’ என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றார். ஒரு நொடிகூடப் போயிருக்காது. இடத்திலிருந்து மூன்று குரல்கள் ‘சீரு வந்த போர்வை, ஆமா, சீரு வந்த போர்வை’ என்று வரியை வாங்கி முடித்துவிட்டன. குடம் நிற்கவில்லை. தாளம் நிற்கவில்லை. அத்தை மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரிக்கு வந்து சேர்ந்தார். யாரும் அவரைத் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியம் எழவில்லை.

அழுகை வந்தால் அமர்வை நிறுத்தி, தண்ணீர் கொடுத்து, எல்லோரும் அவரையே பார்த்திருப்பது எங்கள் தொழிலின் வழக்கம். அழுபவர் அந்த நேரத்தில் தன்னை நோயாளி என்று உணர்கிறார். இங்கே அழுதவர் பாட்டின் ஒரு வரியைத் தவறவிட்டார், அவ்வளவே. மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த முறை வேறொருவர் தவறவிட்டபோது அத்தையின் குரல் முதலாவதாகப் போய் அதைப் பிடித்தது. பேரழிவுக்குப் பின் மனிதர்களுக்கு வேண்டியவையாக ஸ்டீவன் ஹாப்ஃபோலும் அவருடன் சேர்ந்த அறிஞர்களும் 2007-இல் ஐந்தைக் குறிப்பிட்டார்கள்: பாதுகாப்புணர்வு, அமைதி, தன்னாலும் தம் கூட்டத்தாலும் இயலும் என்ற உணர்வு, பிணைப்பு, நம்பிக்கை. இவற்றுள் மூன்றாவது நம் நாட்டு நிவாரணப் பணிகளில் மிகக் குறைவாகவே கவனிக்கப்படுகிறது. துன்புற்றவர் பெறுபவராகவே வைக்கப்படுகிறார். அவர் பிறருக்குக் கொடுக்க ஒரு வேலை அமைவதில்லை. வில்லின் இடப்பக்கம் அந்த வேலையைக் கொடுத்தது.

இளைஞரின் நிலை வேறு. இரண்டாம் ஒத்திகைக்குப் பிறகு அவருடைய தூக்கமின்மை கடுமையாயிற்று. குடத்தின் வாயில் மட்டை விழும் அந்த அழுத்தமான ஒலி அவரை உலுக்கியது. பாட்டே மருந்து, விடாமல் வா என்று குழுவில் ஒருவர் வற்புறுத்தினார், நான் மறுத்தேன். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் சென்றோம். மருந்தும் முறையான சிகிச்சையும் பல மாதங்கள் நடந்தன. கலையால் எல்லாம் ஆகும் என்று எழுதுபவர்கள் இப்படிப்பட்டவர்களைக் கணக்கில் எடுப்பதில்லை. அவர் திரும்பி வந்தது அடுத்த ஆண்டில். பாட வேண்டாம், குடம் அடிக்கிறேன் என்றார். எந்த ஒலி அவரை விரட்டியதோ அதே ஒலியை, எப்போது எழ வேண்டும், எவ்வளவு எழ வேண்டும் என்று தாமே தீர்மானிக்கும் இடத்தில் போய் அமர்ந்தார். முதலில் மெதுவாக, துணி சுற்றிய மட்டையால். லோக்கலில் ஏறியது அதற்குப் பிறகும் வெகுநாள் கழித்து. அதிலும் இரண்டாம் வகுப்பில், கதவோரமாக நின்றுதான்.

தொப்பியும் போர்வையும்

தையல்காரர் வில்லில் வந்து அமரவில்லை. கோவில் கொடைக்குரிய கலையில் அமர்வது அவருக்கும் சங்கடம், அவர் ஜமாஅத்தாருக்கும் சங்கடம். யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒத்திகைக்கு இடம் வேண்டியிருந்தது; மழைக்காலத்தில் தெருவில் உட்கார முடியாது. இரவு எட்டு மணிக்கு மேல் இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் தம் பட்டறையில் வந்து பாடிக்கொள்ளுங்கள் என்றார் அவர். பாதி திறந்திருந்த ஷட்டர் குழுவினர் நுழைவதற்காக முழுதாகத் திறக்கப்பட்டது அப்போதுதான். பாட்டு நடக்கும்போது அவர் ஒரு மூலையில் கையால் தைத்துக்கொண்டிருப்பார். என்ன தைக்கிறார் என்று வெகுநாள் யாரும் கேட்கவில்லை. பாட்டில் வரும் ஒவ்வொரு போர்வையின் நிறத்துக்கும் ஏற்ற ஒரு துண்டைத் தம் வெட்டுத் துணிகளிலிருந்து தேடியெடுத்து, ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டிருந்தார். சிவப்புக் கட்டம், நீலப்பூ, வெளிர் மஞ்சள், ஒரு குழந்தையின் யானைப்படம் போட்ட விரிப்பு. அது வளர்ந்து பாட்டுக்குப் பின்திரையாக ஆயிற்று. வரி மறந்தால் பாடுபவர் திரும்பித் திரையைப் பார்ப்பார். அடுத்த போர்வை எது என்று அதில் இருக்கும்.

தாராவியின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தோல் பதனிடும் தொழிலுக்காக வந்த நெல்லை முஸ்லிம்கள் அங்கே படா மஸ்ஜிதை எழுப்பியது 1887-இல். தமிழர்களின் கணேசர் கோவில் 1913-இல் எழுந்தது. ஒரே மாவட்டத்துப் பேச்சு, ஒரே குழம்பு, ஒரே ஊர்ப் பேருந்து. ஆனால் 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்கள் இந்தத் தெருக்களையும் எரித்தன. அதே ஆண்டு மார்ச் 12-இல் நகரத்தில் நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 257 பேர் இறந்தனர். அந்தக் காலத்தில்தான் தாராவியின் மொஹல்லா கமிட்டி என்ற வட்டார அமைதிக் குழுவில் பணியாற்றிய பாவு கோர்டேயும், சிறு ஆடை உற்பத்தியாளரான வக்கார் கானும் சேர்ந்து நல்லிணக்கப் பணி செய்தார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர், கிறிஸ்தவர் உடையில் நான்கு சிறுவர்கள் நிற்கும் சுவரொட்டியை வக்கார் கான் உருவாக்கினார். அதன் வலிமை படத்தில் மட்டும் இல்லை. எரிந்த தெருவைச் சேர்ந்தவரே அதைச் செய்தார், எரிந்த தெருக்களிலேயே ஒட்டினார்.

அதே நான்கு உடைகளை வெளியிலிருந்து வந்தவர் கேட்டால் பொருள் மாறிவிடுகிறது. எங்கள் குழுவைப் பற்றிக் கேள்விப்பட்டு நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர் வந்தார். நிறைவில் தையல்காரரும் அண்ணாவியும், ஒருவர் தொப்பியோடும் மற்றவர் திருநீறோடும், கைகோத்து மேடையில் நிற்க வேண்டும் என்றார். தையல்காரர் மரியாதையாக மறுத்துவிட்டார். ஏற்பாட்டாளர் போன பிறகு எங்களிடம் சொன்னார்: ‘தொப்பியப் பாக்கத்தான் அண்ணாச்சி கூப்பிடுதாக. போர்வையப் பாக்க இல்ல.’ ஒற்றுமையைக் காட்சியாகக் கேட்கும்போது, ஒரு மனிதனிடம் அவன் செய்ததைக் கேட்காமல் அவன் யார் என்பதையே கேட்கிறோம். விசாரணை அறையிலும் அவரிடம் அதையேதான் கேட்டார்கள். இந்த ஒப்பீட்டை அவர் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் சில இரவுகள் ஷட்டர் மீண்டும் பாதியில் நின்றதைப் பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

வட அயர்லாந்தின் ஓமா நகரில் 1998 ஆகஸ்ட் 15-இல் குண்டு வெடித்து 29 பேர் இறந்த பிறகு, கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் குடும்பங்களின் இளையோர் சேர்ந்து ஒரு சேர்ந்திசைக் குழுவை அமைத்தார்கள். 2017 மே 22-இல் மான்செஸ்டர் அரங்கில் 22 பேர் கொல்லப்பட்ட பின் உயிர்பிழைத்தவர்களும் ஒரு பாடற்குழுவாகக் கூடினார்கள். சேர்ந்து பாடுவதற்கு ஒருவர் மூச்சு விடும் இடத்தை மற்றவர் அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவு ஒத்திகையில் வருகிறது, மேடையில் வருவதில்லை. பட்டறையின் மூலையில் தைத்துக்கொண்டிருந்தவருக்கும் அது வாய்த்தது: எந்த வரியில் அத்தை தடுமாறுவார் என்று அவருக்குத் தெரியும், அந்த இடத்தில் ஊசியை நிறுத்திவிடுவார்.

மெழுகுவத்தி மேடை

2008 நவம்பர் 26 இரவு தொடங்கி 29 காலை வரை மும்பையில் நீடித்த பயங்கரவாதத் தாக்குதலில் 166 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் 50-க்கும் மேற்பட்டோர் சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தில் விழுந்தவர்கள். பலர் நெடுந்தூர வண்டிகளுக்காகப் பையும் பிள்ளையுமாகத் தரையில் அமர்ந்திருந்தவர்கள். டிசம்பர் 3 அன்று கேட்வே ஆஃப் இந்தியா முன்னே பெருங்கூட்டம் மெழுகுவத்திகளோடு திரண்டது. அந்தத் திரளில் உண்மையான துயரும் உண்மையான சினமும் இருந்தன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த வாரங்களில் நகரின் தென்பகுதியில் நடந்த ஓர் அஞ்சலிக் கூட்டத்துக்கு எங்கள் குழு அழைக்கப்பட்டபோது, எட்டு நிமிடம் ஒதுக்கினார்கள். வில்லுப்பாட்டில் எட்டு நிமிடத்தில் காப்பு என்ற தொடக்க வாழ்த்தை மட்டும் பாடி முடிக்கலாம். தமிழ் தெரியாத அவையினர் நாணின் மணியோசைக்கும் பின்திரையின் நிறங்களுக்கும் கை தட்டினார்கள். அத்தையின் நான்கு வரியை அவர் பாடியபோதும் தட்டினார்கள். வண்டியில் திரும்பும்போது அவர் ஒரு சொல்லும் பேசவில்லை.

அழைத்தவர்களிடம் குறையில்லை, கைதட்டுவது அந்த அவையின் மரியாதை. ஆனால் ‘ஆமா’ போடத் தெரிந்த அவை முன் உருவான ஒரு கலையை, ‘ஆமா’ போட இயலாத அவை முன் கொண்டு நிறுத்தினால், பாடுபவரின் துயரம் அவரிடமே திரும்பி வந்துவிடுகிறது. அதன்பின் குழு ஒரு முடிவெடுத்தது: தெருவை விட்டு வெளியே பாடுவதில்லை. கேட்க விரும்புகிறவர்கள் வரலாம். இரவு முழுதும் இருக்க வேண்டும்.

அப்படி வந்தவர்களில், முனையத்தில் நடந்ததற்குப் பிறகு வந்த சில குடும்பங்களும் உண்டு. சுவரோரம் அமர்ந்து விடியும்வரை கேட்டார்கள். தமிழ் அறியாத ஒரு பெண், முன்வரிசையில் இருந்தவர்கள் எந்த இடத்தில் ‘ஆமா’ சொல்கிறார்கள் என்று நடுச்சாமத்துக்குள் கற்றுக்கொண்டு, பிறகு தானும் சேர்ந்து சொன்னார். அத்தை காலையில் அவருக்கு இட்லி கட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. கை நாற்றம் பற்றிய பேச்சை அதற்கு முன்பே எப்போதோ விட்டுவிட்டிருந்தார். எப்போது விட்டார் என்று என் குறிப்பேட்டில் இல்லை, ஏனென்றால் அது ஒரு நாளில் நிகழவில்லை.

தீர்ப்புகள் வந்தபோது

2006 ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் 2015 செப்டம்பரில் சிறப்பு நீதிமன்றம் 12 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து, ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு ஆயுள் தண்டனையும் விதித்தது. குழுவில் இளையவர்கள் சிலர் பாட்டில் அதைச் சேர்க்க வேண்டும் என்றார்கள். முத்துப்பட்டன் கதையில் கொன்றவர்கள் அழிகிறார்களே, நம் கதைக்கும் ஒரு முடிவு வேண்டாமா என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். அண்ணாவி அப்போது படுக்கையில் இருந்தார். ‘நாம கண்டதத்தான் பாடுதோம். போர்வையக் கண்டோம். குண்டு வச்சவனக் கண்டோமா?’ என்று கேட்டார். சேர்க்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் காலமானார்.

2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த 12 பேரையும், அவர்களில் ஒருவர் அதற்கு முன்பே சிறையில் இறந்திருந்தார், விடுதலை செய்தது. அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்க முற்றிலும் தவறிவிட்டது என்று கூறியது. மூன்று நாட்களில் உச்சநீதிமன்றம், விடுதலையானவர்கள் மீண்டும் சிறைக்குச் செல்ல வேண்டியதில்லை என்றும், ஆனால் அந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது என்றும் உத்தரவிட்டது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, யார் செய்தது என்ற கேள்வி தண்டவாளத்தில் கிடந்த அன்றைய நிலைக்கே திரும்பிவிட்டது. உறவுகளை இழந்தவர்களுக்கு அது எத்தகைய இடி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டு வெளியே வந்தவர்களின் இழப்பும் அந்த இடியின் பகுதிதான்.

கலையால் நீதி கிடைப்பதில்லை. இதைத் தயக்கமின்றி எழுத விரும்புகிறேன், ஏனென்றால் ஆற்றுப்படுத்தும் கலைக்கு நிதி கொடுப்பவர்கள் சிலர் அது விசாரணைக்கும் இழப்பீட்டுக்கும் மாற்றாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். எங்கள் குழுவினரின் துயரம் பெருமளவு அமர்ந்த பிறகும் அவர்களுடைய கேள்வி அமரவில்லை. ஆனால் பாட்டில் ஒருவர் பெயரும் சேர்க்கப்படாததால், தீர்ப்பு புரண்டபோது பாட்டு புரளவில்லை. எந்த வரியையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. தையல்காரர் அந்த வாரம் பட்டறைக்கு எல்லோரையும் அழைத்து, தேநீர் கொடுத்து, ‘அண்ணாவி இருந்திருந்தா ஒண்ணு கேட்டிருப்பாரு’ என்றார். என்ன கேட்டிருப்பார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது வில்லைப் பிடிப்பவர் அந்தக் கூரியர் இளைஞர், நாற்பதைக் கடந்துவிட்டார். குடம் அடிப்பது அத்தையின் பேத்தி. பெண்கள் கொடையில் குடம் அடிப்பதா என்று தெருவில் பேச்சு எழுந்தது, இன்னும் முழுதாக அடங்கவில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தால் அந்தத் தெருவே இருக்குமா, இருந்தவர்கள் ஒரே கட்டடத்தில் குடியமர்த்தப்படுவார்களா என்பது எவருக்கும் உறுதியில்லை. ஒரே இடத்தில், ஒரே ஆட்கள், ஆண்டுதோறும் கூடுவதால் நின்ற ஒரு குழுவுக்கு இதுவே இன்றைய பெரிய அச்சுறுத்தல். பின்திரையை மடித்து வைக்கும் இரும்புப் பெட்டி யார் வீட்டுக்குப் போவது என்பதைப் பற்றி இரண்டு கூட்டங்கள் நடந்துவிட்டன. மூன்றாவது கூட்டம் கொடைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் நடக்கிறது.